அது ஒரு விவசாயியின் வீடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் தங்கள் ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்தின் பழைய கிராமத்து மாளிகைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. அடுத்த வாரமே வாசகர் ஒருவர், 'அவர்களிடம் காசு இருக்கிறது, காப்பாற்றுகிறார்கள். நாம் எங்கே போவது?' என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அப்படிப்பட்ட ஒரு வீட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அதன் சுவரைத் தொட்டும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போனாலும் வெட்டாமல் போட்டால் சந்தோஷம்.

நான் மர ஆசாரி. பத்மநாபபுரம் கோட்டைக்கு வெளியே, தக்கலைப் பக்கம் வீடு. பதினாறு வயதில் அப்பாவோடு உளி பிடித்தவன், இப்போது அறுபத்தெட்டு. மகள் இங்கிலாந்தில் சுவிண்டன் என்ற ஊரில் நர்ஸாக இருக்கிறாள். அவள் பேறுகாலத்துக்காக நானும் வீட்டுக்காரியும் இரண்டு வருஷம் முன்னால் அங்கே போய்ச் சில மாதம் இருந்தோம். குழந்தைக்கு இருபத்தெட்டு கெட்டு, அதாவது இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டுகிற சடங்கு, முடிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மருமகன், "மாமா, உங்களுக்குப் பிடித்த மாதிரி ஒரு வீடு இருக்கிறது, வாருங்கள்" என்று காரில் கூட்டிப்போனார். ஊர் பேர் கெம்ஸ்காட். ஆக்ஸ்போர்டுஷயர் மாவட்டத்தின் ஓரத்தில், பக்கத்து மாவட்டமான குளொஸ்டர்ஷயரின் லெச்லேட் என்ற சின்ன டவுனைத் தொட்டாற்போல இருக்கிறது. எல்லை ஓரத்து ஊர் என்பதாலோ என்னவோ, கார் உள்ளே நுழைந்ததுமே நம்ம பக்கத்து ஊர் மாதிரி ஓர் ஒட்டுதல் வந்துவிட்டது.

ஊர் ரொம்பச் சின்னது. அங்கே இருக்கிற ஆட்களை எல்லாம் சேர்த்தால் நம் பஞ்சாயத்தில் ஒரு வார்டுக்குக்கூடக் காணாது. தேம்ஸ் என்றால் லண்டனில் கப்பல் போகிற ஆறு என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே அது நம் வள்ளியாற்றைவிடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். கரையெல்லாம் புல்லும் வில்லோ மரமும். அந்த ஆற்றுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறக் கல்லில் அந்த வீடு நிற்கிறது. கெம்ஸ்காட் மேனர் என்று பேர். மேனர் என்றதும் ஜமீன்தார், யானை கட்டின முற்றம் என்றெல்லாம் நமக்குத் தோன்றும். ஆனால் 1600-ஐ ஒட்டி அதைக் கட்டினது டர்னர் என்ற விவசாயக் குடும்பம். வசதியான விவசாயிகள்தான், ஆனாலும் ராஜா இல்லை, பிரபு இல்லை. ஐம்பது அறுபது வருஷம் கழித்துக் கொஞ்சம் கையில் காசு சேர்ந்ததும் ஒரு பக்கத்தை நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் மூத்த மகனுக்குக் கல்யாணம் என்றால் ஒரு அறை எடுத்துக் கட்டுவோமே, அந்தக் கதைதான்.

நான் முதலில் பார்த்தது கூரையைத்தான். ஆசாரி கண் மேலேதான் போகும். அங்கே ஓடு மண் ஓடு இல்லை, கல். கல்லை ஏடு ஏடாகப் பிளந்து மேய்ந்திருக்கிறார்கள். கீழே தாவாரத்து ஓரம் அகலமான கல், மேலே போகப்போகச் சின்னது, மோட்டுக்குப் பக்கத்தில் உள்ளங்கை மாதிரி. மழைத்தண்ணீர் கீழே வர வர அதிகமாகும், அதனால் கீழ்வரிசை கனமாக வேண்டும். கூரையின் பாரமும் மேலே குறையும். இது எந்த இஞ்சினியரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை, மேய்கிறவன் கையில் இருந்த அறிவு. இந்த வரிசையைப் பார்த்தால் மீன் செதிலையும் பறவை இறகையும் பார்க்கிற சந்தோஷம் வருகிறது என்று அந்த வீட்டில் குடியிருந்த ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். மகள் அதை எனக்குப் படித்துச் சொன்னபோது அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது. கூரையை அப்படி நின்று பார்த்த ஆள் லேசுப்பட்டவர் இல்லை.

அவர் பேர் வில்லியம் மோரிஸ். கவிஞர், சித்திர வேலைக்காரர், துணி நெசவு, சாயம், அச்சு என்று எல்லாவற்றையும் தன் கையாலே செய்து படித்தவர். அவுரிச் சாயத்தில் முக்கி முக்கிக் கை நீலமாகவே இருந்ததாம். 1871-ல் இந்த வீட்டைப் பார்த்துவிட்டு நண்பருக்கு எழுதின கடிதத்தில் 'பூமியில் ஒரு சொர்க்கம்' என்று சொல்லியிருக்கிறார். வாசகர் எழுதினதற்கு இங்கேதான் பதில் இருக்கிறது. மோரிஸ் இந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் இல்லை. வாடகைக்கு இருந்தவர். முதலில் ரோசெட்டி என்ற ஓவியரோடு சேர்ந்து வாடகைக்கு எடுத்தார், ரோசெட்டி 1874-ல் போய்விட்டார், மோரிஸ் 1896-ல் சாகிற வரைக்கும் இருபத்தைந்து வருஷம் வாடகை கொடுத்தார். அவர் மனைவி ஜேன் அந்த வீட்டை விலைக்கு வாங்கினதே 1913-ல்தான். மோரிஸ் காசுள்ள குடும்பத்துப் பிள்ளைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் காசு இருந்ததால் அவர் அந்த வீட்டை இடித்துப் பெரிசாகக் கட்டவில்லை, சலவைக்கல் பதிக்கவில்லை. இருந்ததை இருந்தபடி வைத்துக்கொண்டு அதில் வாழ்ந்தார். அவர் வீட்டுத் தோட்டத்தில் ஸ்ட்ராபெர்ரிப் பழத்தைத் திருடித் தின்ன வந்த பாட்டுக்குருவிகளைக்கூட விரட்டவிடவில்லையாம். அந்தக் குருவிகளையே 1883-ல் ஒரு துணிக்கு டிசைனாகப் போட்டார். அந்தத் துணி இன்றைக்கும் உலகமெல்லாம் விற்கிறது.

மாடிக்கு மேலே பரணுக்கு ஏறினோம். குறுகின படி. கூரையின் கைமரமும் உத்திரமும் அங்கே அப்படியே வெளியே தெரிகின்றன. எல்ம் என்ற மரம், வாளால் அறுத்து இழைத்த நேர்த்தி இல்லை, மரத்தின் வளைவு எப்படி இருந்ததோ அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். முன்காலத்தில் பண்ணை ஆட்கள் படுத்திருந்த இடமாம். நான் ஒரு கட்டையில் கை வைத்தேன். அங்கே நின்ற தொண்டர் அம்மா ஒருவர் தொடக் கூடாது என்று மெதுவாகச் சொன்னார். மகள், "அப்பா ஆசாரி" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த அம்மா முகம் மாறிவிட்டது. எங்கள் ஊரில் என்ன மரம் போடுவோம், ஆணி போடுவோமா, கரையான் வருமா என்று கால் மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். அயனி, பலா, தேக்கு என்று நான் சொல்லச் சொல்ல மகள் மொழிபெயர்த்தாள். இரும்பாணி இல்லாமல் மரஆணி வைத்துத்தான் இறுக்குவோம் என்றதும் அவர் கையைத் தட்டினார். அங்கேயும் அதுதானாம். அந்த வீட்டில் அறைக்கு அறை நிற்கிறவர்களில் முக்கால்வாசிப்பேர் சம்பளமில்லாத தொண்டர்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மோரிஸ் காலத்தில் இங்கிலாந்தில் ஒரு பழக்கம் இருந்தது. பழைய கோயில்களை, அதாவது அவர்கள் சர்ச்சுகளை, 'புதுப்பிக்கிறோம்' என்று சொல்லிச் சுவரில் இருந்த பழைய பூச்சையெல்லாம் சுரண்டி எடுத்து, கல்லை வெளியே தெரிய வைத்து, புதுக்கல்லில் பழைய மாதிரி செய்து ஒட்டினார்கள். கெம்ஸ்காட்டுக்குப் பக்கத்தில் பர்போர்டு என்ற ஊர்ச் சர்ச்சில் இப்படி வேலை நடந்ததைப் பார்த்து மோரிஸ் சண்டை போட்டாராம். அதற்கு அந்தப் பாதிரியார், சர்ச் என்னுடையது, நான் நினைத்தால் அதற்குள் தலைகீழாகக்கூட நிற்பேன் என்றாராம். இதையெல்லாம் பார்த்து 1877-ல் பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார். சுரண்டாதே சங்கம் என்றே அதற்குப் பட்டப்பேர். அந்தச் சங்கத்தின் அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது: அன்றாடக் கவனிப்பால் சிதைவைத் தள்ளிப்போடுங்கள், ஆடுகிற சுவருக்கு முட்டுக் கொடுங்கள், ஒழுகுகிற கூரையை அடைத்துவிடுங்கள். எங்கள் அப்பாவும் இதைத்தான் வேறு வார்த்தையில் சொல்வார். இடவப்பாதி மழைக்கு, அதாவது ஜூன் வாக்கில் வருகிற தென்மேற்குப் பருவமழைக்கு, முன்னால் ஓட்டில் ஏறாதவன், மழைக்குப் பின்னால் உத்திரம் மாற்ற ஏறுவான் என்பார்.

அது என் வீட்டிலேயே நடந்தது. எங்கள் குடும்ப வீடு செம்மண் சுவர், கருங்கல் அஸ்திவாரம், மேலே மச்சு, ஓட்டுக்கூரை. தாத்தா கட்டினது. சுவருக்குச் சிப்பிச் சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டு அரைத்துப் பூசியிருந்தார்கள். 1998-ல் நான் வேலைக்காக ஒரு வருஷம் வெளியூரில் இருந்தேன். அந்தச் சமயம் தம்பி ஒரு காண்டிராக்டரை வைத்துப் பழைய பூச்சைக் கொத்திவிட்டு இடுப்பளவு உயரத்துக்குச் சிமெண்ட் பூசிவிட்டான். பார்க்கப் பளிச்சென்று இருந்தது, நானும் வந்து பார்த்து நல்லது என்றுதான் சொன்னேன். மண்சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு என்றால் அந்த ஈரம் வெளியே ஆவியாகிப் போய்விடும். சிமெண்ட் வழியை அடைத்துவிட்டது. ஈரம் வெளியே வர வழி இல்லாமல் உள்ளுக்குள்ளேயே மேலே ஏறியது. அதோடு மேலே மோட்டு ஓடு இரண்டு நகர்ந்து, சுவர்த்தலையில் தண்ணீர் இறங்கியதை யாரும் பார்க்கவில்லை. ஆறு வருஷம் கழித்து மச்சு அறையில் கொஞ்சம் தூசி விழுகிறது என்று அம்மா சொன்னாள். நான் ஏணி வைத்து ஏறி, உத்திரம் சுவருக்குள் போகிற இடத்தில் ஸ்குரு டிரைவரால் குத்தினேன். அது பிடி வரைக்கும் உள்ளே போனது. பலாக்கட்டை, ஒரு காலத்தில் என் உளியையே திருப்பியடித்த மரம், ஈரத்தில் ஊறின ரொட்டி மாதிரி ஆகியிருந்தது. வெளியே பெயிண்ட் அப்படியே இருந்தது. அந்த ஓசையே இல்லாத குத்து இன்னும் என் கையில் இருக்கிறது.

பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: இடித்துவிட்டு கான்கிரீட் போடு. நான் இடிக்கவில்லை. உத்திரத்தை முட்டுக் கொடுத்துத் தாங்கி, கெட்டுப்போன ஒன்றரை அடியை மட்டும் வெட்டினேன். காய்ந்த அயனிக்கட்டை எடுத்து, இரண்டையும் சாய்வாகச் செதுக்கி ஒன்றின் மேல் ஒன்று படியவைத்து, மூன்று மரஆணி அடித்தேன். புதுக்கட்டையின் நிறம் வேறு. பாலிஷ் போட்டு மறைக்கச் சொன்னார்கள், மறைக்கவில்லை. எது தாத்தா வைத்தது, எது நான் வைத்தது என்று என் பேரப்பிள்ளைக்குத் தெரிய வேண்டும். மோரிஸ் சங்கத்துக்காரர்கள் சொல்வதும் இதுதான் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. பழுதுபார், ஆனால் பழசு மாதிரி வேஷம் போடாதே. பிறகு சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுத்து, திரும்பவும் சுண்ணாம்பு. சுவர் காய இரண்டு கோடை ஆனது. இன்றைக்கு அந்த வீட்டில்தான் இந்தக் கடிதம் எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்கே ஒரு கொட்டாரம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பத்மநாபபுரம் அரண்மனையை 1601-ல் இரவிவர்மா குலசேகரப் பெருமாள் கட்டினதாகச் சொல்வார்கள். கெம்ஸ்காட் வீட்டுக்கும் கிட்டத்தட்ட அதே வயசு. தேம்ஸ் கரையில் ஒரு தச்சன் எல்ம் மரத்தில் மரஆணி அடித்த அதே காலத்தில் வேளிமலை அடிவாரத்தில் எங்கள் ஆட்கள் பலாவிலும் தேக்கிலும் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நிலம் தமிழ்நாடு, அரண்மனையைப் பார்த்துக்கொள்வது கேரள அரசு. சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்ததாகச் சொல்கிற அந்தக் கறுப்புத் தரையில் இன்றைக்கும் முகம் பார்க்கலாம். நவராத்திரிக்கு அரண்மனைக் கோயிலான தேவாரக்கட்டின் சரஸ்வதி யானை மேல் ஏறித் திருவனந்தபுரம் போகும்போது இரண்டு மாநிலத்துப் போலீஸும் வந்து மரியாதை செய்கிறது. அந்த உறவு நல்ல உறவு. அப்பா அந்த அரண்மனையில் மராமத்து வேலைக்குப் போனவர் என்பதில் எங்கள் குடும்பத்துக்குப் பெருமை உண்டு.

ஆனால் அரண்மனை மட்டும்தான் நிற்கிறது. அதைச் சுற்றி, அதே கைகள் கட்டின வீடுகள் போய்க்கொண்டிருக்கின்றன. கல்குளம், விளவங்கோடு இரண்டு வட்டத்திலும் நான் சின்ன வயசில் வேலைக்குப் போன மச்சுவீடுகளில் எத்தனை இன்று இருக்கிறது என்று ஒரு நாள் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போய்ப் பார்த்தேன். நினைவில் இருந்த வீட்டு வாசல்களில் பெரும்பாலும் புதுக் காம்பவுண்டு கேட்டுதான் இருந்தது. ஒரு இடத்தில் லாரி நின்றது. நிலை, கதவு, இரண்டு தூண், மச்சுப் பலகை எல்லாம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஏதோ ரிசார்ட்டுக்கு. அந்த நிலையின் மேல்கட்டையில் ஒரு தாமரை, எட்டு இதழ். ஒரு இதழ் மட்டும் கொஞ்சம் சின்னது. அது நான் பதினெட்டு வயசில் செதுக்கினது. அப்பா திட்டிக்கொண்டே அப்படியே விட்டுவிட்டார். வீட்டுக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டை யார் பார்ப்பது, நிலம் விற்றால் கடன் அடையும். ஆனால் அவரிடம், 'இந்த வீடு பழுதுபார்க்கக் கூடியது' என்று சொல்ல ஒருவரும் இருந்திருக்கவில்லை.

கெம்ஸ்காட்டும் தானாக நிற்கவில்லை. மே என்ற மோரிஸின் மகள் 1938-ல் இறந்தபோது வீட்டை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். 1962-லிருந்து லண்டனில் உள்ள பழம்பொருள் ஆய்வாளர் சங்கம் ஒன்றின் பொறுப்பில் இருக்கிறது. 1960களில் பெரிய மராமத்து செய்ய வேண்டி வந்தது. சமீபத்தில் மறுபடியும் மூடிப் பழுதுபார்த்து 2022-ல் திறந்தார்கள். அதற்குப் பெரிய தொகை செலவாகியிருக்கிறது, உண்மை. ஆனால் செலவு செய்ய ஒரு வீடு மிச்சம் இருந்தது. காசு வருகிற நாள் வரைக்கும் அதை நிற்கவைத்தது ஓட்டை அடைத்த ஆட்கள்.

புதிதாகக் கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் பிழைப்பே புது வீடுகள்தான். அந்த ஊரிலேயே மோரிஸ் நினைவாக 1902-ல் இரண்டு வீடு கட்டினார்கள். அதே கல். முன்சுவரில் அவர் மரத்தடியில் உட்கார்ந்திருப்பது போல ஒரு கல் சிற்பம். 1934-ல் ஊருக்கு ஒரு பொது மண்டபம் கட்டினார்கள், பெர்னார்ட் ஷா வந்து திறந்துவைத்தார். பழைய வீட்டின் அடக்கத்தைப் பார்த்துப் புதிய வீடும் அடங்கி நிற்கிறது. எது எப்போது வந்தது என்று சொன்னால்தான் தெரியும்.

கடைசியில் சர்ச்சுக்குப் போனோம். சின்னது, 12-ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கிறது. மோரிஸ் கல்லறை வெளியே புல்லில் இருக்கிறது. 1896 அக்டோபரில் கொட்டுகிற மழையில், மஞ்சள் வண்டியில் சிவப்புச் சக்கரத்தோடு, வைக்கோல் ஏற்றுகிற வண்டியிலே அவரைக் கொண்டுவந்தார்களாம். வண்டியெல்லாம் இலையும் கொடியும் சுற்றி. அவர் நண்பர் பிலிப் வெப் என்ற கட்டடக் கலைஞர் அந்தக் கல்லைச் செய்திருக்கிறார். நான் குனிந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் சரிந்து நடுவில் மோடு வைத்து, சின்ன வீட்டுக்கூரை மாதிரியே இருக்கிறது. என் வீட்டுக்காரி பக்கத்துப் புல்லிலிருந்து ஒரு மஞ்சள் பூவைப் பறித்து அதன் மேல் வைத்தாள்.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வாரம் ஒரு பழைய வீட்டின் படத்தைப் போடுங்கள். அரண்மனை வேண்டாம், சாதாரண மச்சுவீடு, ஓட்டுவீடு. எந்த ஊர், என்ன மரம், யார் வைத்த மோடு என்று இரண்டு வரி போதும். இரண்டு அரசுகளும் நவராத்திரிக்கு ஒன்றாக வருகின்றன. அதே போல ஒரே மேசையில் உட்கார்ந்து சுற்றுவட்டாரத்து வீடுகளுக்கும் ஒரு பட்டியல் போடலாம். சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார் எங்கள் பக்கம் விரல்விட்டு எண்ணுகிற அளவில்தான் இருக்கிறார்கள், அவர்கள் இருக்கும்போதே பத்துப் பையன்களுக்குப் பழக்க ஓர் ஏற்பாடு வேண்டும். சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன், கூலி வேண்டாம்.

பழைய வீடு வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று. இடிக்கிறதுக்கு முந்தின நாள் ஓர் ஆசாரியைக் கூப்பிட்டு உத்திரத்தின் முனையைக் காட்டுங்கள். முனை கெட்டிருந்தால் முழு மரமும் கெட்டதாக அர்த்தமில்லை. இடவப்பாதிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. மோட்டு ஓடு நகர்ந்திருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள், தாவாரத்தில் கிடக்கிற ரப்பர் இலையைத் தள்ளிவிடுங்கள். நான் நாளைக் காலையில் என் கூரையில் ஏறுகிறேன். முழங்கால் வலி இருக்கிறது, பேரன் ஏணியைப் பிடித்துக்கொள்வான்.

இப்படிக்கு,
ஒரு மர ஆசாரி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்